ஐந்து இருபது

என் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றால்
இரண்டு தெரியும்:
பந்து,
புதுவயல் தாண்டி வரும் சாலையின் வளைவு.

பந்தைப் பிடிப்பது என் வேலை.
ஏம்பல் போகும் ஐந்து இருபதைப் பிடிப்பது
அணியில் ஆறு பேரின் வேலை.
ஆக எனக்கு இரண்டு வேலை.

கருவேலங்களுக்கு மேல் பஸ்ஸின் நெற்றி மின்னியதும்
"வண்டி!" என்று கத்துவேன்.
கார்னர் எடுக்க ஓடிய அடைக்கலராஜ்
ஓடிய வேகத்திலேயே கேட்டைத் தாண்டுவான்.
கலைமுகில் ஒரு காலில் பூட்ஸ்,
ஒரு கையில் செருப்பு.
அடுத்த வண்டி எட்டு மணிக்கு,
வந்தால்.

மிச்சம் ஆறு பேர்.
மைதானம் சட்டென்று பெரிதாகிவிடும்.

மைதானம் என்பது கல்லூரி மலரில் உள்ள சொல்.
ஒரு சாண் தோண்டினால் செம்புறாங்கல்,
தோண்டாமலே பல இடங்களில்.
ஐப்பசியில் புல் வரும்,
புல்லுக்குப் பின்னாலேயே ஆடு வரும்.
வலப்பக்கம் பாய்ந்து பாய்ந்து
என் இடுப்பில் ஒரு காய்ந்த கண்மாய்
விரிசல் விட்டுக் கிடக்கிறது.

வலை, தொண்டியில் மாமா வீடு உள்ள ரெக்ஸ்
கொண்டுவந்தது. கிழிந்த மீன்வலை.
ஈயக் குண்டுகளைக் கழற்றவில்லை.
கோல் விழுந்தால் கலகலவென்று ஊருக்கே சொல்லும்.
மழை நாளில் கருவாட்டு வாசம்.
கணக்குத் துறைப் பூனை
முழு ஆட்டமும் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்,
என்றாவது ஒன்று சிக்கும் என்று.

சபிதா மேடம் கௌரவ விரிவுரையாளர்.
கௌரவம் தினமும் கிடைக்கும்,
சம்பளம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.
ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாயை
பந்து, பயணம், பஞ்சு, டிஞ்சர் என்று பிரித்து
கடைசியில் ஒரு வரி எழுதுவார்:
எதிர்பாராதவை, இருநூற்று நாற்பது.

மதுரைக்கு ஒன்பது பேர் போனோம்.
ஃபாரூக்குக்கு அரியர் பரீட்சை.
இரண்டு பேர் பள்ளத்தூர் ஷூட்டிங்கில்
கல்யாணக் கூட்டமாய் நிற்கப் போய்விட்டார்கள்,
தலைக்கு எழுநூறு, மதியம் பிரியாணி.
திட்ட முடியவில்லை.
எங்களுக்கு எலுமிச்சைச் சாதம்,
அதுவும் மேடம் வீட்டில் கிண்டியது.

அங்கே புல்.
நிஜப் புல், காலை நீர் பாய்ச்சியது.
முதல் முறை பாய்ந்து விழுந்தபோது
எழாமல் கொஞ்சம் கிடந்தேன்.
அடிபட்டதோ என்று ரெஃப்ரி ஓடிவந்தார்.
வலிக்கவில்லை சார், அதான், என்றேன்.

அவர்களுக்கு மாற்று ஆட்களே ஏழு பேர்.
ஆனாலும் எண்பது நிமிடம் வரை
சைபருக்குச் சைபர்.
அடைக்கலராஜ் மூன்று ஆளாக ஓடினான்.
எனக்குக் கைகள் நீண்டுகொண்டே போயின.

எண்பத்து மூன்றாவது நிமிடம்.
மதில் சுவருக்கு வெளியே
ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

என் வாய்தான் கத்தியது.
"வண்டி!"

நான்கு பேர் நின்றார்கள்.
கலைமுகில் குனிந்து லேஸில் கை வைத்தான்.
அடைக்கலராஜ் கேட்டை நோக்கி
மூன்று எட்டு எடுத்தே விட்டான்.

அந்த வலை வெள்ளை நைலான்.
பந்து உள்ளே போன சத்தமே கேட்கவில்லை.

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி
மேடம் பரோட்டா வாங்கித் தந்தார்.
யாரும் பேசவில்லை. சால்னா மட்டும்
இரண்டு தடவை கேட்டோம்.
எதிர்பாராதவை வரியில்
இருநூற்று நாற்பதும் தீர்ந்தது.
மேற்கொண்டு ஆனதை அவர் எழுதவில்லை.

திங்கட்கிழமை என்னைத்
தெற்குக் கோலுக்கு மாற்றினார்,
சாலைக்கு முதுகு காட்டி.
இரண்டு நாள் பந்தை மட்டும் பார்த்தேன்.
நன்றாகத்தான் பிடித்தேன்.

புதன்கிழமை நான்கு பேர் வண்டியை விட்டார்கள்.
எட்டு மணி வண்டியும் வரவில்லை.
கலைமுகிலின் அப்பா பத்து மணிக்கு
டிராக்டரில் விளக்கடித்துத் தேடி வந்தார்.
நாளைக்கும் ஆட்டம் உண்டா என்று
மேடத்தைப் பார்த்துக் கேட்டார்.
குரலில் கோபமா என்று தெரியவில்லை.

வியாழன் முதல்
மறுபடி வடக்கே நிற்கிறேன்.
பூனை அங்கேயேதான் இருந்தது.